ஃபெரியில் போனவர்: பினாங்கிலிருந்து ஒரு பி.டி.எஸ்.டி. நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 41 வயது. பட்டர்வொர்த்தில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெரிய நோய் எதுவும் இருந்ததில்லை. மனநல மருத்துவரைப் பார்த்ததே இல்லை. நெஞ்சு படபடப்பு, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை என்று மாதக்கணக்கில் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கியிருக்கிறார். இசிஜி சரியாக இருந்தது, தைராய்டும் சரியாக இருந்தது. ஓரிடத்தில் 'கேஸ்ட்ரிக்' என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு தனியார் கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், அதுவும் தொடர்ந்து. கடைசியில் அரசாங்கக் கிளினிக் மருத்துவர் ஒருவர் கடிதம் எழுதி எங்களிடம் அனுப்பினார். கடிதத்தில் விபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோயாளியும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

இது ஒரே மனிதரின் கோப்பு அல்ல. ஒரே மாதிரி வந்த சிலரின் விவரங்களைக் கலந்து, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். பி.டி.எஸ்.டி., அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன உளைச்சல் நோய், எப்படி வளர்ந்தது, எப்படி இறங்கியது என்பதில் கை வைக்கவில்லை.

வந்த அன்று

கணவன், மனைவி இருவரும் வந்தார்கள். பேசியது மனைவிதான்.

"முன்ன மாதிரி இல்லை டாக்டர். எதுக்கெடுத்தாலும் கோவம். பெரியவன் தட்டைக் கீழே போட்டான், அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓங்கி அறைஞ்சிட்டாரு. பதினாறு வயசுப் பையன். இதுவரைக்கும் அவன் மேல கை வச்சதே இல்லை."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கம் வந்தா எல்லாம் சரியாயிடும். மருந்து மட்டும் கொடுங்க, வேலைக்குப் போகணும்."

வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். ஃபெரியில் என்றார். இது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸ் போகிறவர்கள் பிறையில் ஏறி, பினாங்குப் பாலம் வழியாக குளுகோரில் இறங்குவார்கள். 1985-இல் திறந்த பாலம், 13.5 கிலோமீட்டர். 2019-லிருந்து மோட்டார் சைக்கிளுக்கு டோல்கூட இல்லை. இவரோ ஃபெரி பிடித்து, வெல்ட் கீயில் இறங்கி, அங்கிருந்து ரேபிட் பஸ்ஸில் தீவின் அந்தக் கோடிக்குப் போகிறார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

"பாலத்துல எப்பப் பார்த்தாலும் ஜேம் டாக்டர். ஃபெரியில காத்து வாங்கிட்டுப் போகலாம்."

மோட்டார் இல்லையா? "வித்துட்டேன். பையன் லைசென்ஸ் எடுக்கணும்னு அடம் பிடிக்கிறான், வீட்டுல இருந்தா எடுத்துடுவான்." ஷிப்ட்? "மாத்திக்கிட்டேன். வயசாகுது, நைட் முடியலை." ஷிப்ட் அலவன்ஸ் போய்விட்டது, ஓ.டி. போய்விட்டது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பதிலும் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு குடும்பத் தலைவர் யோசித்து எடுத்த முடிவுகள் போலவே இருந்தன. ஆனால் எல்லா முடிவுகளும் ஏழு மாதத்துக்குள் எடுத்தவை. ஏழு மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேட்டபோது மனைவி அவரைப் பார்த்தார். அவர் எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று வெளியே போனார். வர வெகுநேரம் ஆனது.

நடந்தது

விடியற்காலை ஷிப்டுக்கு இரண்டு நண்பர்கள் இரண்டு மோட்டாரில் போகிறார்கள். பிறையில் வழக்கமாக நிற்கும் கடையில் ஒரு தே. மழை தூறிக்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் நண்பர் முன்னால், இவர் பின்னால். ஒரு லாரி தடம் மாறியது. நண்பர் விழுந்தார். இவர் பிரேக் அடித்துச் சறுக்கி விழுந்து, முழங்கை தேய்ந்து, எழுந்து ஓடினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நண்பரின் உயிர் போய்விட்டது.

முழங்கைக்குக் கட்டுப் போட்டு இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். தைரியமான ஆள் என்று சூப்பர்வைசர் எல்லாரிடமும் சொன்னாராம்.

மலேசியாவில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போகிறவர்கள்தான். ஒவ்வொரு சாவுக்குப் பின்னாலும் அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவராவது இருப்பார். காயம் பட்டவரைப் பார்க்க நாலு பேர் போவார்கள்; பார்த்தவரை விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முதல் இரண்டு மூன்று வாரம் அவருக்கு இருந்தவை: கெட்ட கனவு, திடுக்கிட்டு விழிப்பது, லாரி பிரேக்கின் 'புஸ்' சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடுவது, சாப்பாடு இறங்காமல் இருப்பது. இது நோய் அல்ல. அப்படி ஒரு சாவைக் கிட்டத்தில் பார்த்த மனித உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வாழ்நாளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் இந்த மாதிரி ஏதோ ஒரு கொடுமையைச் சந்திக்கிறார்கள், பி.டி.எஸ்.டி. வரை போவது அவர்களில் 5.6 சதவீதம் பேர்தான். மற்றவர்களுக்கு நாளாக ஆகக் குறைந்துவிடும். விபத்து நடந்த மறுநாளே எல்லாரையும் உட்கார வைத்து, "மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டிடுங்க" என்று ஒரே அமர்வில் பேச வைப்பதை இப்போதுள்ள வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பான இடம், தூக்கம், சாப்பாடு, கூட ஆள், அவராகப் பேச வந்தால் கேட்க ஒரு காது. முதல் மாதத்துக்குப் பெரும்பாலும் இது போதும்.

இவருக்குக் குறையவில்லை. மாறாக, மூன்றாம் நான்காம் மாதத்தில் கனவும் திடுக்கிடலும் கொஞ்சம் அடங்கியது போலத் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் நிம்மதியானார்கள். உண்மையில் என்ன நடந்தது என்றால், அவரைத் திடுக்கிட வைக்கும் எதுவும் அவர் பக்கம் வராதபடி வாழ்க்கையையே அவர் வெட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

நான் இந்த நிகழ்வை எழுதுவதே இதற்காகத்தான். பி.டி.எஸ்.டி. என்றதும் மக்கள் நினைப்பது அலறலும் அழுகையும். அப்படி வருபவர்களை யாராவது எங்காவது கூட்டிப்போய்விடுவார்கள். அமைதியாக ஃபெரியில் போகிறவரை யாரும் கூட்டிவருவதில்லை.

சுருங்கிய வாழ்க்கை

மனைவியோடு உட்கார்ந்து, விபத்துக்குப் பிறகு இவர் எதையெல்லாம் விட்டார் என்று ஒரு பட்டியல் போட்டோம். பாதி வழியில் அவருக்கே வாயடைத்துப்போனது.

பாலம், மோட்டார், இரவு ஷிப்ட். அது தெரிந்ததுதான். ஃபெரியிலும் வடக்குப் பக்கம் பார்த்துத்தான் உட்காருவார். தெற்கே திரும்பினால் பாலம் தெரியும். பஸ்ஸில் கடல் தெரியாத பக்கம். மழை பெய்தால் ஜன்னலை மூடி டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார். பிறையில் அந்தத் தேத்தண்ணீர்க் கடை இருக்கும் சாலைக்கே போவதில்லை. வருடா வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவர், இந்த வருடம் லீவு கிடைக்கவில்லை என்று இருந்துவிட்டார். லீவு அவர் கேட்கவே இல்லை. கூட்டத்தையும் உறுமிச் சத்தத்தையும் நினைத்தாலே வியர்த்ததாம். சின்ன மகளின் பள்ளியில் தீவுக்குச் சுற்றுலா போனார்கள், பஸ் பாலத்தில் போகும் என்பதால் அனுப்பவில்லை. முழங்கைக் காயத்துக்கான சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீட்டுப் பாரத்தை நிரப்பவில்லை. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்து அந்தக் காப்பீட்டுக்குள் வரும். ஆனால் பாரத்தில் 'விபத்து எப்படி நடந்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே.

இன்னொன்றும் இருந்தது. நண்பரின் இறுதிச் சடங்குக்குப் போனவர், பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. நண்பரின் அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. "கூடவே திரிஞ்சவன், எட்டிக்கூடப் பார்க்கலையே" என்று அக்கம்பக்கம் பேசியது. நன்றி கெட்டவன் என்று ஒரு பெயர். அதுவும் அவர் காதுக்கு வந்தது.

வீட்டாரும் இதற்குத் துணை போயிருந்தார்கள், அன்பினால்தான். மனைவி அரைமணிக்கு ஒருமுறை போன் செய்து, போய்ச் சேர்ந்தாரா என்று கேட்பார். மச்சான் வந்தால் விபத்துப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கண்காட்டுவார்கள். பிள்ளைகளுக்குப் பலூன் தடை. மாமியார் ஜோசியம் பார்த்து, பயந்த கோளாறு என்று கயிறு மந்திரித்துக் கட்டினார். கயிறு கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. கோயிலும் சாமியும் எத்தனையோ பேரைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். "கயிறு கட்டியாச்சு, இனி டாக்டர் எதுக்கு" என்ற அடுத்த வார்த்தைதான் ஆளைக் கெடுப்பது.

பிறகு பியர். தூங்குவதற்காக ஒன்றில் ஆரம்பித்து மூன்று, நான்கு என்று ஏறியிருந்தது. அதோடு தூக்க மாத்திரையும். இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக்கூடிய ஆபத்து. இதை முதல் நாளே இருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டியிருந்தது.

மதிப்பீடு

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் பி.டி.எஸ்.டி.யை முதன்முதலாகச் சேர்த்தது. அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டி.எஸ்.எம்-5 நான்கு வகை அறிகுறிகளைக் கேட்கிறது: நடந்தது திரும்பத் திரும்ப உள்ளே வருவது, அதை நினைவூட்டுபவற்றை விலக்குவது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணமும் உணர்ச்சியும் கெட்டுப்போவது, உடம்பு எந்நேரமும் உஷாராக இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, குடும்பத்தையோ வேலையையோ பாதிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் என்றால் கடும் மன உளைச்சல் கோளாறு என்ற வேறு பெயர் உண்டு. சாவையோ படுகாயத்தையோ தான் அனுபவித்திருக்க வேண்டும் என்பதில்லை, நேரில் பார்த்திருந்தாலும் கணக்கில் வரும். "எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டர், செத்தது அவன்தானே" என்று இவர் கேட்டதற்கு அதுதான் பதில்.

பி.சி.எல்-5 என்ற 20 கேள்விப் பட்டியலில் அவருக்கு 80-க்கு 54 வந்தது. 31 முதல் 33-க்கு மேல் போனால் முழுமையாக விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது; விசாரித்ததில் நான்கு வகையும் இருந்தன. தாமதமாக வந்த வகையா என்று ஒரு கேள்வி எழுந்தது, ஏழாம் மாதம் வந்தார் அல்லவா. இல்லை. அறிகுறிகள் முதல் மாதமே தொடங்கிவிட்டன, சிகிச்சைக்கு வந்ததுதான் தாமதம்.

வேறு என்னவாக இருக்கலாம்? தலையில் அடிபடவில்லை, நினைவு தப்பவில்லை. வெறும் துக்கம் என்றால் இறந்தவரை நினைக்க நினைக்க ஏக்கம் வரும், படத்தைத் தேடி எடுத்துப் பார்க்கத் தோன்றும். இவர் நண்பரின் படங்களைப் போனிலிருந்து அழித்திருந்தார். மனச்சோர்வு கூடவே இருந்தது, அது அடிக்கடி கூட வருவதுதான். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி வராது. "அந்த லாரி என்னை அடிச்சிருக்கலாம்னு தோணும். அவ்வளவுதான்" என்றார். திட்டம் எதுவும் இல்லை. மனைவிக்கு இது அன்றுதான் தெரியும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து சொல்லாமல் இருந்தாராம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்று சொன்னேன். அப்படியே இருந்திருந்தாலும், எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை.

அவர் கேட்ட அடுத்த கேள்வி இந்த நாட்டில் எல்லாரும் கேட்பது. "என்னை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவீங்களா?" 1911-லிருந்து அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால் அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவாகிவிட்டது. பி.டி.எஸ்.டி.க்குப் பெரும்பாலும் ஆளைச் சேர்க்க வேண்டியதே இல்லை. வந்து, பேசி, வீட்டுக்குப் போவதுதான்.

சிகிச்சை

மனநல மருத்துவர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினார். முதல் வாரம் குமட்டல். பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் இருந்தார். தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல், அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்த வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.க்குச் சிகிச்சை அல்ல. அன்றைய இரவை மட்டும் கடத்திவிடும். நாளாக ஆக, அது இல்லாமல் முடியாது என்ற நிலைக்குக் கொண்டுபோகும்.

ஆனால் முதன்மையான சிகிச்சை பேச்சுதான். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பயந்து விலக்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை, கண்ணசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். எல்லாவற்றுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. இவருக்கு முதல் இரண்டையும் சேர்த்துச் செய்தோம்.

ஏன் இப்படி ஆகிறது என்று அவருடைய தொழிலை வைத்தே விளக்கினேன். லைனில் ஒரு சென்சார் ஒருமுறை பலமாக அடிவாங்கிவிட்டால், தூசி பட்டாலும் மெஷினை நிறுத்தும். சென்சாரை மூடி வைத்தால் லைன் ஓடுவது போலத் தெரியும், ஆனால் பழுது அப்படியேதான் இருக்கும். ஓட விட்டு, பார்த்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். "அப்போ பாலத்துல போகணும்ங்கிறீங்க" என்றார். இன்றைக்கு இல்லை என்றேன்.

முதலில் நினைவு. கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். பதிவு செய்து, வீட்டில் திரும்பக் கேட்க வேண்டும். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே நினைவு அவரைத் தேடி வரவில்லை, அவர் நினைவைத் தேடிப் போகிறார். நிறுத்தும் உரிமை அவர் கையில்.

முதல் சில முறையும் கதை ஒரே மாதிரி வந்தது: தே, மழை, லாரி, விழுந்தது, எழுந்து ஓடியது, ஆம்புலன்ஸ். ஓடியதற்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "நின்னுக்கிட்டு இருந்தேன்". இந்த மாதிரி ஓட்டைகளில்தான் விஷயம் இருக்கும். அவசரப்படுத்தக் கூடாது.

அடுத்தடுத்த அமர்வுகளில் ஒரு நாள் அது வந்தது. அவர் நிற்கவில்லை. நண்பரின் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டது. இவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதன் பிறகு சத்தம் நின்றுவிட்டது.

தொழிற்சாலையில் நடந்த முதலுதவி வகுப்பில், விபத்தில் விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கண்டபடி கழற்றக் கூடாது, கழுத்தெலும்பு பாதிக்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சான்றிதழ்கூட வைத்திருந்தார். ஏழு மாதமாக அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது லாரி அல்ல, இந்த ஒரே வாக்கியம்: நான் கழட்டினேன், அவன் செத்தான். அதனால்தான் நண்பரின் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் ஹெல்மெட்டைத் தொட்டாலே கை நடுங்கியது, மோட்டாரை விற்றார். பையனுக்காக விற்றேன் என்பதும் பொய் அல்ல, ஆனால் அது இரண்டாவது காரணம்.

இந்த இடத்தில், "அப்படியெல்லாம் இல்லைங்க, உங்க மேல தப்பு இல்லை" என்று சொல்லிவிடத்தான் யாருக்கும் வாய் வரும். அது உதவாது. மனைவி சொல்லியிருந்தால்கூட அவர் நம்பியிருக்க மாட்டார். எனவே இரண்டு கேள்விகள். ஒன்று, அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்தது என்ன? மூச்சுத் திணறுகிறான் என்பது. மூச்சுப் பாதை அடைபட்டால், ஹெல்மெட்டைப் பத்திரமாகக் கழற்ற வேண்டிவரும் என்பதும் அதே முதலுதவிப் பாடத்தில் இருப்பதுதான். பயம் அதை மறக்கடித்திருந்தது. இரண்டாவது, நண்பர் எதனால் இறந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எங்கே எழுதியிருக்கும்? இறப்புச் சான்றிதழில். அது எங்கே இருக்கிறது? அம்மாவிடம்.

அங்கே போவதற்குப் பல வாரங்கள் பிடித்தன. மனைவியும் கூடப் போனார். அந்தம்மா அவரைத் திட்டவில்லை. "உன்னைத்தான்டா தேடிக்கிட்டு இருந்தேன், கடைசியா அவன்கிட்ட இருந்தது நீதானே" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். சான்றிதழில் இறப்புக்குக் காரணம் மார்புப் பகுதியில் ஏற்பட்ட பலத்த காயங்கள் என்று இருந்தது. கழுத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தத் தாள் ஏழு மாதத்துக்கும் மேலாக அந்த வீட்டு அலமாரியில், இவர் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருந்திருக்கிறது. விலகிப் போவதில் உள்ள பெரிய கேடு இதுதான். பயத்தை மட்டும் அல்ல, பயம் தவறு என்று காட்டக்கூடிய சாட்சியையும் சேர்த்துத் தள்ளி வைத்துவிடும்.

ஒரு காகிதம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. சில கேஸ்களில் சான்றிதழ் வேறு மாதிரியும் இருக்கும். அப்போது வேலை இன்னும் கடினம், ஆனால் முடியாதது இல்லை. இவருக்கு அது நல்லபடியாக அமைந்தது. அதன் பிறகு பதிவைக் கேட்கும்போது கதையில் ஒரு வரி கூடியது: "நான் கழட்டினேன், அவன் மூச்சு விடறதுக்காக."

அப்புறம் பாலம். பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு ஏணி போட்டோம். கீழ்ப்படி, கர்ப்பால் சிங் டிரைவில் கடலோரம் உட்கார்ந்து தூரத்தில் பாலத்தைப் பார்ப்பது. அதற்கே 40 கொடுத்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததில் தானாக 15-க்கு வந்தது. பயம் இறங்குவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டால் பயன் குறைவு. பிறகு மச்சான் காரில் பகலில், பிறகு தானே கார் ஓட்டி, பிறகு மச்சான் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து. ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ஏணி: மேசையில் வைத்துப் பார்ப்பது, தொடுவது, போடுவது, வாரைப் பூட்டி டி.வி. பார்ப்பது. பிள்ளைகள் சிரித்தார்களாம். அவரும் சிரித்தார் என்று மனைவி சொன்னார்.

மனைவிக்கும் வீட்டுப்பாடம் இருந்தது. அரைமணி போன் நிறுத்தம். எனக்குத் தெரிந்து, இந்தச் சிகிச்சையில் அவருக்குத்தான் இது அதிகக் கஷ்டம்.

இப்போது

சிகிச்சை முடியும்போது பி.சி.எல்-5 அளவு 21. சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஏறவில்லை. மருந்தை நலமான பிறகும் பல மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய மோட்டார் ஒன்று வாங்கிப் பாலத்தில்தான் வேலைக்குப் போகிறார். பியர் வாரக் கடைசியில் மட்டும் என்கிறார், மனைவி "அப்படித்தான்" என்று இழுக்கிறார். மகனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. லைசென்ஸ் வகுப்புக்குச் சேர்த்துவிட்டிருக்கிறார். கனத்த மழை இரவுகளில் கனவு எப்போதாவது வருகிறது. இரவில் மழை கொட்டினால் மோட்டாரை எடுப்பதில்லை. அதை மாற்றச் சொல்லவில்லை. அது நோய் அல்ல, புத்தி.

எப்போது வர வேண்டும்

ஒரு மாதம் என்பது நல்ல எல்லை. விபத்து, தாக்குதல், வன்முறை, பிரசவத்தில் உயிர் போய் வந்தது, நெருங்கியவரின் கொடூரச் சாவு, எதுவானாலும் ஒரு மாதம் கழிந்தும் கனவும் பதற்றமும் கோபமும் குறையவில்லை என்றால் வாருங்கள். குறைந்ததா என்று பார்க்கும்போது, அவர் அழுகிறாரா, அலறுகிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டாம். முன்பு செய்த எதை இப்போது செய்வதில்லை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் காரணம் நன்றாகவே இருக்கும்.

சிலருக்கு ஒரு மாதம் காத்திருக்கவே கூடாது. சாவைப் பற்றிப் பேசுகிறார், பிள்ளைகளையோ மனைவியையோ அடிக்கிறார், குடித்தால்தான் தூங்க முடிகிறது, நாள்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லை, தான் எங்கே இருக்கிறோம் என்றே சில நேரம் தெரியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே. கொடுமை இன்னும் முடியாமல் தொடர்ந்துகொண்டிருந்தால், உதாரணமாக வீட்டுக்குள்ளேயே அடி என்றால், முதலில் பாதுகாப்பு, பிறகுதான் சிகிச்சை; தாலியான் காசே என்ற உதவி எண் 15999 அதற்குத்தான். சிறு பிள்ளைகள் வாயால் சொல்ல மாட்டார்கள். அதே விபத்தை விளையாட்டில் திரும்பத் திரும்ப நடத்துவார்கள், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வரும், அம்மாவை விட்டு நகர மாட்டார்கள்.

பல வருடம் ஆகிவிட்டதே, இனி என்ன என்று இருப்பவர்களுக்கும் இதே சிகிச்சை பலன் தருகிறது.

எங்கே போவது? பக்கத்தில் உள்ள அரசாங்கக் கிளினிக்கே போதும், குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிப் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சுகாதார அமைச்சின் மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களும் உண்டு. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அமைச்சின் ஹீல் எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்றால் 999, அல்லது நேராக எமர்ஜென்சி வார்டு.

போகும்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், தனியார் கிளினிக்கில் வாங்கியதையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துப் போங்கள். வீட்டில் கூட இருப்பவர் ஒருவர் வரட்டும். நடந்ததை முதல் நாளே முழுக்கச் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "இந்த மாதிரி ஒன்று நடந்தது, அதுக்கப்புறம்தான் இப்படி" என்ற ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள். மீதியை மருத்துவர் கேட்டுக்கொள்வார்.